வேகமாய் ஓடிய கசற்

கல்லூரி மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்ட தம்பி ஒரு நிபந்தனை போட்டார். "அண்ணை, பிக் மட்ச் கிரிக்கெட்டும் போர்டிங் சாம்பாரும் வேண்டாம். ரெண்டிலயும் போதுமான கட்டுரை வந்திட்டுது." ஆகவே, 1978, 79ஆம் ஆண்டுகளில் போர்டிங்கில், அதாவது கல்லூரி விடுதியில், இருந்த உயர்தர வகுப்புப் பெடியள் மூன்று பேர் ஜோன் மக்லாஃப்லின் என்ற வெள்ளைக்காரக் கிற்றார்க்காரனுக்காகக் கிழமைக்கணக்கில் முகம் பார்க்காமல் திரிந்த கதையை எழுதுகிறேன். மற்ற இருவரும் இன்றைக்கும் நல்ல குரலோடு இருக்கிறார்கள். பெயர் போட்டால் அடுத்த மலரில் மறுப்புக் கட்டுரை வரும், அதனால் ஊர்ப்பெயர் மட்டும். கரவெட்டியான் மிருதங்கம் படித்தவன். அரியாலையான் கிற்றார், மெல்லிசைக் குழுவொன்றில் வாசித்துவிட்டு இரவில் மதில் ஏறி வந்து பிடிபட்டவன். நான் வயலின். "தம்பி, நீ கணக்குப் பாடத்தைப் பார்" என்று சங்கீத மாஸ்டர் அன்பாகச் சொன்ன தரம்.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டு, கசற் பிளேயர்கள் வீட்டுக்கு வீடு வரத் தொடங்கியிருந்தன. அரியாலையானின் தமையன் லண்டனிலிருந்து விடுமுறையில் வந்தபோது இரண்டு எல்பி றெக்கோட் கொண்டுவந்தார். பட்டணத்து றெக்கோடிங் பார் ஒன்றில் கொடுத்து அறுபது நிமிடக் கசற்றில் அடித்து எடுத்தோம். தமையன் திரும்பிப் போகும்போது றெக்கோட்டுகளும் அவரோடு போய்விட்டன. எங்களிடம் மிஞ்சியது கசற்றும், அதன் அட்டையில் நீலப் பேனையால் எழுதிய இரண்டு சொற்களும்தான்: "சக்தி, மக்லாஃப்லின்." சக்தி என்பது மக்லாஃப்லின் இந்தியக் கலைஞர்களோடு சேர்ந்து நடத்திய குழு.

முதல் உருப்படி பதினெட்டு நிமிடம். பிரெப் என்ற இரவுப் படிப்பு நேரம் முடிந்து விளக்கணைக்கும் மணிக்கு முன், பிளேயரைத் தலையணைக்கடியில் வைத்துக் கேட்டோம். கிற்றாரும் வயலினும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும். பின்னால் தபேலா, கடம், மிருதங்கம். கச்சேரி மாதிரி இருந்தது, கச்சேரியும் இல்லை. அடுத்த நாளே சங்கீத மாஸ்டரிடம் கொண்டுபோனோம். அவர் கிற்றாரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "வயலின் ஆரடா?" என்றார். அட்டையில் எல். சங்கர் என்று கண்ட ஞாபகம் என்று அரியாலையான் சொன்னான். மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது லட்சுமிநாராயணாவின்ர கடைசிப் பெடியன். தகப்பன் இங்க யாழ்ப்பாணத்திலதான் படிப்பிச்சவர். 58 இனக் கலவரத்தோட குடும்பமாப் போயிட்டினம்."

சங்கர் ஏழு வயதில் நல்லூர்க் கோயிலில் வாசித்த பெடியன். அதைக் கேட்ட பிறகு எனக்கு நடுநிலை என்று ஒன்று இருக்க முடியுமா? அந்தக் கசற்றை நான் வயலின் கச்சேரியாகவும், மக்லாஃப்லினைப் பக்கவாத்தியமாகவும்தான் கனகாலம் கேட்டேன். இங்கிலாந்தின் டொன்காஸ்ரரில் பிறந்து, அமெரிக்க ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸின் 'பிச்சஸ் புறூ' றெக்கோட்டில் தன் பெயரிலேயே ஒரு உருப்படி வாங்கிய மனிதரை எங்கள் ஊர்ப் பெடியனுக்குப் பக்கவாத்தியம் ஆக்கியது அநியாயம்தான். பதினெட்டு வயதில் நியாயம் பார்க்கவில்லை.

முதற்சண்டை கைதட்டலில் தொடங்கியது. அந்தப் பதிவு சபைக்கு முன்னால் எடுத்தது. உருப்படி முடிய ஆரவாரம் கேட்கும். ஆனால் முதற்பக்கத்தின் கடைசியில், வாயால் தாளச் சொற்கட்டுச் சொல்லும் கொன்னக்கோலோடு தொடங்கும் ஒரு துண்டு முடிய ஒரு சத்தமும் இல்லை. அரியாலையான், கைதட்டலை ஸ்ரூடியோவில் பிறகு ஒட்டியிருக்கிறார்கள், அந்த ஒன்றுக்கு மறந்துபோனார்கள் என்றான். கரவெட்டியான் மூன்று நாள் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான். நான்காம் நாள் சாப்பாட்டு வரிசையில் கோப்பையோடு நின்றபடி சொன்னான்: "மச்சான், உதில மிருதங்கம் இல்லை. கடமும் தபேலாவும்தான். உது வேற நாள், வேற இடம்." நாங்கள் சிரித்தோம். மிருதங்கக்காரனுக்கு மிருதங்கம் கேட்காவிட்டால் உலகமே வேறு என்று நக்கலடித்தோம்.

அவன் சொன்னதுதான் சரி. முதல் றெக்கோட் 1975 ஜூலை 5ஆம் திகதி, நியூயோர்க் லோங் ஐலன்டில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரி, அதில் ஆர். ராகவன் மிருதங்கம் வாசித்தார். அடுத்த 'ஏ ஹான்ட்ஃபுல் ஒஃப் பியூட்டி' லண்டன் ட்ரைடன்ட் ஸ்ரூடியோவில் எடுத்தது. அதில் ராகவன் இல்லை, தாளத்துக்குக் கடக்காரர் விக்கு விநாயக்ராமும் தபேலாக்காரர் சாகிர் ஹுசைனும் மட்டும். முதல் எல்பியின் முதற்பக்கம் இருபத்துமூன்று நிமிடம். கசற்றில் ஏழு நிமிடம் வெறுமையாய்க் கிடக்க, றெக்கோடிங் பார்ப் பெடியன் இரண்டாவது எல்பியின் முதல் உருப்படியை எடுத்து அதில் செருகிவிட்டான். அவன் நல்ல மனதோடுதான் செய்திருப்பான். எங்களுக்கு ஒரு தவணை முழுக்கச் சண்டை.

பெரிய சண்டை வேகத்தைப் பற்றியது. அரியாலையானின் தமையன் 'பேர்ட்ஸ் ஒஃப் ஃபயர்' கசற்றைத் தபாலில் அனுப்பினார், றெக்கோடிங் பாரில் அடித்ததல்ல, கொம்பனிக் கசற். சக்திக்கு முன் மக்லாஃப்லின் நடத்திய மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ரா என்ற குழுவின் 1973ஆம் ஆண்டுப் பதிவு. ஆக, அந்த மனிதரின் வாழ்க்கையை நாங்கள் பின்புறமாகக் கேட்டோம். ஊரெல்லாம் முதலில் மின் கிற்றாரின் இடிமுழக்கத்தைக் கேட்டு, பிறகு சக்தி வந்தபோது "ஏன் சாதாக் கிற்றாருக்குப் போனான்?" என்று கோபித்தார்கள். எங்களுக்குச் சக்திதான் அடி, மற்றது சத்தம். மக்லாஃப்லின், ஆன்மீக குரு சிறீ சின்மோயின் சீடராகி மகாவிஷ்ணு என்று பெயரும் வெள்ளை உடுப்புமாக நின்ற படத்தைப் பார்த்து, சைவப் போர்டிங்குக்குள் விஷ்ணு எப்படி வரலாம் என்று கரவெட்டியான் கேட்டான்.

அரியாலையான் மின் கிற்றார் கட்சி. அவன் வாதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவன் சுருக்கமாகச் சொன்னதில்லை. மகாவிஷ்ணுவில் சுரத்துக்குப் பாரம் இருக்கிறது, இழுத்து விட்டால் நிற்கும், அழும். சக்தியில் அந்த ஆள் பருத்தித்துறை பஸ் மாதிரி ஒரு தரிப்பிலும் நிற்காமல் ஓடுகிறான். கரவெட்டியானின் பதில், "நீ ஏறத் தெரியாமல் நிண்டுபோட்டு பஸ்ஸைப் பேசாதை" என்பதே. ஆனால் ஒரு நாள் இரவு அவன் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டித் தட்டி 'பேர்ட்ஸ் ஒஃப் ஃபயர்' தலைப்பு உருப்படியை எண்ணிக்கொண்டிருந்ததைக் கண்டேன். "பதினெட்டு மச்சான். ரெண்டு சங்கீர்ணம்." சங்கீர்ணம் என்றால் ஒன்பது எண்ணிக்கை. அடுத்த நாள் அரியாலையானிடம் அதைச் சொல்லவில்லை, நானும் காட்டிக்கொடுக்கவில்லை.

மாஸ்டரின் கேள்வி வேறு. "கிற்றாரில மெட்டு மெட்டாத் தாவ வேணும். உவனுக்குக் கமகம் எப்படி வருகுது?" மெட்டு என்றால் கிற்றார்க் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி, கமகம் என்றால் சுரத்தை வளைத்து அசைப்பது. ஒருவருக்கும் பதில் தெரியாது. பின்னணியில் ஒரு தம்புரா போல ரீங்காரம் கேட்கும். யாரோ சுருதிப்பெட்டி போடுகிறார்கள் என்று முடிவுகட்டினோம். இரண்டுக்கும் விடை அந்தக் கிற்றாரிலேயே இருந்தது. கிப்சனுக்காக ஏப் வெக்டர் என்பவர் செய்து கொடுத்தது. மெட்டுகளுக்கு இடையில் மரத்தைக் குழிவாகக் குடைந்திருந்தார். விரல் மரத்தில் முட்டாது, வீணையில் போலத் தந்தியை இழுத்து அழுத்தலாம். துவாரத்துக்குக் குறுக்கே ஏழு தந்திகள் வேறு, ரீங்காரம் அங்கிருந்துதான். மக்லாஃப்லின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை படித்தவர் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாஸ்டருக்கு இதையெல்லாம் எழுதிப் போட நினைத்திருந்தேன். நான் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் காலமாகிவிட்டார்.

இனி நான் ஒளித்து வைத்திருந்த விஷயம்.

லண்டனுக்கு வந்து இரண்டு வருஷத்தில், பழைய றெக்கோட் கடையொன்றில் அந்த முதல் எல்பி கிடைத்தது. அறைக்குக் கொண்டுவந்து போட்டேன். ஏதோ சோர்ந்துபோன மாதிரி இருந்தது. பிளேயர் பிழை என்று நினைத்தேன். கையோடு கொண்டுவந்த பழைய கசற்றைப் போட்டு, வயலினை எடுத்துச் சுருதி பார்த்தேன். கசற் அரைச் சுரம் கூட. வேகத்தில் கணக்குப் பார்த்தால் நூற்றுக்கு ஆறு. றெக்கோடிங் பாரின் ஏதோ ஒரு இயந்திரம் பிழையாக ஓடியிருக்கிறது. போர்டிங்கில் அந்தக் கசற்றோடு சேர்ந்து வாசிக்க முடியாமல் தந்தியை முறுக்கி முறுக்கி அறுத்தது ஞாபகம் வந்தது. என் கை சரியில்லை என்றுதான் அன்றைக்கு எல்லோரும், நான் உட்பட, நம்பினோம்.

ஆக, மனிதர் ஓடாத வேகத்தில் ஓடினதாக அரியாலையான் ஒரு வருஷம் குற்றஞ்சாட்டியிருக்கிறான். கரவெட்டியான் அதே வேகத்துக்காக ஒரு வருஷம் வழக்காடியிருக்கிறான். கொம்பனிக் கசற்றில் வந்த மகாவிஷ்ணு மட்டும் தன் வேகத்தில் ஓடியது. இருவருக்கும் எழுதினேன். கரவெட்டியான் பதில் போடவில்லை. அரியாலையான் எட்டுப் பக்கம் எழுதினான்: ஆறு வீதத்தைக் கழித்தாலும் வேகம் வேகம்தானாம். 'இன் ஏ சைலன்ட் வே' பதிவில் மைல்ஸ் டேவிஸ் மக்லாஃப்லினைக் கிற்றார் வாசிக்கத் தெரியாதவன் போல வாசிக்கச் சொன்னாராம். அந்த ஒரு புத்திமதியைக் கேட்டு நடந்திருந்தால் போதுமாம். இதை எழுதினவன்தான், மக்லாஃப்லின் பாக்கோ டி லூசியா, அல் டி மியோலா என்ற வேறு இரண்டு கிற்றார்க்காரரோடு 1980 டிசம்பர் 5ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் வாசித்த பதிவைத் தேயத் தேயக் கேட்டவன். மூன்று பேரும் பந்தயம் ஓடுகிற அதில் மட்டும் வேகம் இனிக்கும். அதன் கடைசி உருப்படி மேடையில் அல்ல, ஸ்ரூடியோவில் எடுத்தது என்று சொல்லிப் பார்த்தேன். கைதட்டலை ஒட்டவில்லையே, அதனால் நேர்மையானது என்றான்.

என் தீர்ப்பைக் கேட்டால்: அவர் ஓடும் இடமும் இல்லை, இடிக்கும் இடமும் இல்லை. முதல் எல்பியில் வரும் 'லோட்டஸ் ஃபீற்', ஐந்து நிமிடம்கூட இல்லாதது. அதையே மகாவிஷ்ணுவின் 'இன்னர் வேர்ல்ட்ஸ்' பதிவில் மின்கருவிகளோடும் வாசித்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் இரண்டு கட்சிக்காரரும் வாய் மூடலாம்.

1997இல் மக்லாஃப்லின் 'ரிமெம்பர் சக்தி' என்று இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் வந்தபோது டிக்கற் எடுத்துப் போனேன். ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், வயலின் இல்லை. நல்ல கச்சேரிதான், நான்தான் பாதி நேரம் இல்லாத சங்கரைத் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் வந்தார், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்தார். ஸ்ரீநிவாஸ் வாசித்த பதிவுகளில் என் வயலின் கட்சி கொஞ்சம் ஆடித்தான் போனது. 2014இல் அவர் நாற்பத்தைந்து வயதில் போனபோது, அரியாலையான் முதன்முறையாக ஒரு வாதமும் இல்லாமல் தொலைபேசி எடுத்தான்.

2024 டிசம்பரில் சாகிர் ஹுசைன் மறைந்த செய்தி வந்த இரவு ரொறொன்ரோவிலிருந்து கரவெட்டியான். அந்த வருஷத் தொடக்கத்தில்தான் சக்தியின் 'திஸ் மொமன்ட்'டுக்குக் கிராமி கிடைத்திருந்தது. கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவன், "உன்னட்ட அந்தக் கசற் இருக்கோ?" என்றான். எல்பியிலிருந்து நல்ல பதிவு எடுத்து அனுப்புகிறேன் என்றேன். "எனக்கு உன்ர எல்பி வேண்டாம். அது மெதுவா ஓடுது. எங்கட கசற்றை அனுப்பு."

கணினியில் ஏற்றி, பழைய இரைச்சலோடு அனுப்பினேன். அதை அவன் மெல்பேர்னிலிருக்கும் அரியாலையானுக்கும் அனுப்பியிருக்கிறான். விடிய எழும்பிப் பார்த்தேன், அரியாலையானிடமிருந்து ஒரு செய்தி: "நாற்பத்தைஞ்சு வருஷமாச்சு. இன்னும் ஏன்டா பிழையான சுருதியைப் பரப்புறியள்?"