எம்.சி.ஏ. ப்ராஜெக்டுக்கு ஒரு பட்டறையை எடுத்த அனுபவம்

கடைசி செமஸ்டரில், கூட வேலை செய்பவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைப் பகிர்ந்துகொள்ள ஒரு செயலி செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் எடுத்தது மன்னார்குடி பக்கம் நெல் அறுவடை வண்டிகளைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறை. டயர் வண்டி, பெல்ட் வண்டி இரண்டும் வரும். ஒருவருக்குத் தெரிந்த பழுது இன்னொருவருக்குத் தெரியாது, தெரிந்தவர் வயலுக்குப் போயிருந்தால் வண்டி அப்படியே நிற்கும்.

முதலில் காலத்தைப் பாருங்கள். ஜனவரியில் ப்ராஜெக்ட் தொடங்கும்போது சம்பா அறுவடையும் தொடங்கிவிடும். தை, மாசியில் பட்டறைக்காரர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்பது நியாயமே இல்லை. மார்கழியிலேயே போய்விடுங்கள். பொங்கலுக்கு அப்புறம் போன எனக்கு மூன்று வாரம் வீணாயிற்று.

என் முதல் வடிவத்தில் பழுதின் வகை, உதிரிபாக எண், காரணம், தீர்வு என்று 12 கட்டங்கள். ஒருவரும் நிரப்பவில்லை. மூத்த மெக்கானிக் அண்ணன், "கையெல்லாம் கிரீஸ் தம்பி, இதுல எங்க எழுதுறது? டீ குடிக்கிறப்ப கேளு, சொல்றேன்" என்றார். ஈர வைக்கோல் சுற்றிக்கொண்டால் சத்தம் எப்படி மாறும், அப்போது எதை முதலில் கழற்ற வேண்டும் என்று அன்றைக்கு டீக்கடையில் அவர் சொன்னது எந்தக் கட்டத்திலும் அடங்காது.

ஜெராக்ஸ் நிறுவனத்தில் ஜூலியன் ஓர் என்ற மானிடவியலாளர் கண்டதும் இதுதான். நகல் இயந்திரம் பழுது பார்ப்பவர்கள் கையேட்டை மட்டும் நம்பியிருக்கவில்லை, ஒருவருக்கொருவர் சொல்லும் கதைகளில்தான் தொழிலைக் கற்றார்கள். 1990களில் அங்கே வந்த யுரேகா என்ற அமைப்பில் மெக்கானிக்கே குறிப்பு தருவார், அனுபவமுள்ள இன்னொருவர் சரிபார்ப்பார், தந்தவர் பெயர் குறிப்போடு நிற்கும். மூன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டு, எழுத்துக்குப் பதிலாகக் குரல் பதிவை வைத்தேன், தலைப்பை மட்டும் நான் தட்டச்சு செய்தேன். தன் பெயர் திரையில் வந்த பிறகு சின்னப் பையன்கூட தானே வந்து பதிவு செய்தான்.

தேடல்தான் நிஜமான வேலை, இதற்குக் கூடுதல் நாள் ஒதுக்குங்கள். 'சக்கரம்' என்று தேடினால் 'சக்கரத்தில்' என்று எழுதியது அகப்படாது, போதாததற்குப் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் பட்டறையில் வழங்கும் எல்லாப் பெயர்களையும் ஒரு தனி அட்டவணையில் சேர்த்த பிறகுதான் சரியானது.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே, "வாட்ஸ்அப் குழு இருக்கும்போது இது எதற்கு?" போன சம்பாவில் யாரோ போட்ட குரல் பதிவை இந்தச் சம்பாவில் எப்படித் தேடுவது, ஒரே பழுதுக்கு வந்த மூன்று யோசனைகளில் எது பலித்தது என்று யாருக்குத் தெரியும், இதைத்தான் சொன்னேன். தேடியும் கிடைக்காத சொற்களையெல்லாம் செயலி தானே குறித்துவைக்கும்படி செய்திருந்தேன். அந்தப் பட்டியலை அறிக்கையின் பின்னிணைப்பில் கட்டாயம் வையுங்கள், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதிக நேரம் புரட்டிப் பார்த்தது அந்த 2 பக்கங்களைத்தான்.