முஷ்டி வணக்கம்: செய்யவும் தெரிய வேண்டும், சொல்லவும் தெரிய வேண்டும்

சீனத் தற்காப்புக் கலையான வூஷுவில் தேர்வுக்கோ போட்டிக்கோ தயாராகிறவர்கள் உதைக்கும் தாவலுக்கும் மாதக்கணக்கில் உழைப்பார்கள். வணக்கத்தை மட்டும் கடைசி நாளுக்குத் தள்ளிவிடுவார்கள். தாவுலு, அதாவது வரிசைப்படுத்திய அசைவுகளைத் தனியே செய்துகாட்டும் போட்டியில், பெயரை அழைத்ததும் ஒருமுறை, இறுதி மதிப்பெண் அறிவித்ததும் ஒருமுறை தலைமை நடுவரை வணங்க வேண்டும். நடுவர் கண்ணில் முதலில் படுவதே அதுதான்.

சீனத்தில் இது பாவ் ச்சுவான் லி. பாவ் என்றால் அணைப்பது, ச்சுவான் முஷ்டி, லி மரியாதை. கால் சேர்த்து நிமிர்ந்து நின்று வலக்கையை முஷ்டியாக்குங்கள். இடக்கையின் நான்கு விரல்களும் ஒட்டி நேராக நிற்க, கட்டைவிரல் மட்டும் மடங்கும். இடது உள்ளங்கை, முஷ்டியில் குத்து விழுகிற முகப்பின் மேல் பதிய வேண்டும். விரல்நுனி மோவாய் மட்டத்தில் இருக்கும். கைகள் வட்டமாக வளைந்து, முழங்கை சற்றே தாழ்ந்து, மார்புக்கும் முஷ்டிக்கும் இடையே 20 முதல் 30 செ.மீ. இருக்கட்டும். ஒரு சாணுக்குக் குறைந்தால் வட்டம் நசுங்கிவிடும். கண்ணாடிக்கு நேர் எதிரே நின்றால் இது தெரியாது, பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

பொருளை உறுப்போடு சேர்த்துப் படித்தால் மறக்காது. நான்கு விரல்கள்: ஒழுக்கம், அறிவு, உடல்வலு, அழகுணர்வு. மடங்கிய கட்டைவிரல்: 'நானே பெரியவன்' என்ற எண்ணம் இல்லை. வலது முஷ்டி வீரம். அதை மூடுகிற உள்ளங்கை, அந்த வீரம் வம்புக்குப் போகாது என்ற உறுதி. வளைந்த கைகள், உலகத்து வீரர்கள் எல்லாம் ஒரு குடும்பம் என்பதற்கு. இடது கல்வி, வலது வீரம் என்றும் சொல்வார்கள்.

இதனால்தான் கட்டைவிரல் நீட்டிக்கொண்டிருப்பது சின்னப் பிழை ஆகாது. சொல்ல வந்த பணிவுக்கே அது நேர் எதிர். இடது விரல்களைச் சுருட்டி முஷ்டியைப் பொத்துவது இன்னொரு பிழை. அது பழைய கோங்ஷோ வணக்கம். கராத்தே பழகியவர்கள் இடுப்பை வளைத்துத் தலை குனிவார்கள். இங்கே உடல் நேராகத்தான் நிற்கும், பார்வையும் எதிரில் இருப்பவரை விட்டு இறங்காது.

கை மாறினால் இன்னும் மோசம். பழைய சீன வழக்கில் ஆண்கள் நல்ல காரியத்துக்கு இடக்கையை மேலே வைப்பார்கள். வலக்கை மேலே வருவது துக்கத்துக்கு. பெண்களுக்கு இது தலைகீழ். இன்றைய வூஷுவில் அந்த வேறுபாடு கிடையாது, எல்லோருக்கும் இடது உள்ளங்கைதான். வாய்மொழித் தேர்வில் இங்கேதான் பலர் குழம்புவார்கள்.

முஷ்டி சூரியன், உள்ளங்கை நிலா, இரண்டுக்குமான சீன எழுத்துகள் சேர்ந்தால் 'மிங்', சிங் ஆட்சிக்கு முந்தைய அரச வம்சத்தின் பெயர். சிங் ஆட்சியை எதிர்த்தவர்களின் ரகசிய அடையாளம் என்று ஒரு கதை உண்டு. ஷாவோலின் துறவிகள் ஒற்றைக் கையால் வணங்குவதை, போதிதர்மரின் சீடர் ஹுயிகே தன் கையை வெட்டிக்கொண்ட கதையோடு சேர்ப்பார்கள். கேட்டால் சொல்லுங்கள், ஆனால் மரபுக்கதை என்றே சொல்லுங்கள். வரலாறு என்று அடித்துச் சொன்னால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆயுதம் ஏந்தினால் முறை மாறும். தாவ் என்ற அகல வாளை இடக்கையில் அணைத்து, வலது உள்ளங்கையை இடது கட்டைவிரல் மேல் வைக்க வேண்டும். ஜியென் என்ற நேர்வாளுக்கு, வலது உள்ளங்கையின் வெளி ஓரம் இடது சுட்டுவிரலின் அடிக்கணுவைத் தொடும். கம்பு என்றால் அடிநுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வலக்கையால் பிடித்து, செங்குத்தாக நிறுத்தி, இடது உள்ளங்கையைச் சேர்க்க வேண்டும். கம்பு சாய்ந்தால் உடனே கண்ணில் படும்.