துறைகள் இல்லாத அரசுக் கல்லூரி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம் 1967இல் நிறுவிய எவர்கிரீன் மாநிலக் கல்லூரி, தலைநகர் ஒலிம்பியாவை ஒட்டிய காட்டுப் பகுதியில் 1971ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் முதல் மாணவர்களைச் சேர்த்தது. வரிப்பணத்தில் நடக்கும் ஒரு நிறுவனம் இத்துணைத் துணிவாகத் தொடங்கியதுதான் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. துறைகள் இல்லை, பேராசிரியர்களுக்குள் பதவிப் படிநிலை இல்லை, கட்டாயப் பாடங்கள் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை என்பதே முதல் தலைவர் சார்லஸ் மெக்கேன் வகுத்த அடிப்படை.

இங்கு மாணவர் ஒரே பருவத்தில் தொடர்பற்ற நான்கைந்து பாடங்களைப் படிப்பதில்லை. வெவ்வேறு புலங்களைச் சேர்ந்த ஆசிரியர்கள் சிலர் ஒன்றுகூடி, ஒரு பொருளை முன்வைத்து நடத்தும் ஒரே திட்டத்தில் முழுநேரமாகச் சேர்கிறார். பருவ இறுதியில் ஆசிரியர் அவரைப் பற்றி விரிவான மதிப்பீட்டை எழுத, மாணவரும் தம் கற்றலைத் தாமே மதிப்பிட்டு எழுதுகிறார். 1927இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கல்வியாளர் அலெக்சாண்டர் மைக்கல்ஜான் தொடங்கி ஐந்தாண்டுகளில் நின்றுபோன சோதனைக் கல்லூரியின் தாக்கம் இதில் தெளிவாகத் தெரிகிறது. ஆசிரியர்களின் உழைப்பைப் பெரிதும் கோரும் முறை இது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எதிர்ப்பும் இருந்தது. கல்லூரியை மூடிவிடலாம் என்ற குரல்கள் சட்டமன்றத்தில் எழுந்த காலத்தில், அதை உருவாக்கும் சட்டத்தில் ஆளுநராகக் கையெழுத்திட்ட டேனியல் எவான்ஸ், பதவிக்காலம் முடிந்ததும் 1977இல் அதன் இரண்டாம் தலைவராகப் பொறுப்பேற்று 1983வரை அதை வழிநடத்தினார்.