பூ விதைகளை எடுத்து வைப்போம்
பூத்து ஓய்ந்த செடிகளைப் பிடுங்கி எறிவதற்கு முன் அவற்றின் விதைகளை எடுத்து வைக்குமாறு நண்பர்களை அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். செண்டுமல்லிப் பூ செடியிலேயே காய்ந்து பழுப்பேறிய பிறகு அதன் அடிப்புறத்தைப் பிரித்தால், ஒரு முனை கறுப்பாகவும் மறுமுனை வைக்கோல் நிறத்திலும் உள்ள, ஊசி போன்ற மெல்லிய விதைகள் கொத்தாகக் கையில் வரும். காசித்தும்பையின் முற்றிய காயோ விரல் பட்டவுடன் வெடித்து விதைகளைச் சிதறடித்துவிடும் (அதைக் காண்பது எனக்கு இன்றும் பெருமகிழ்ச்சி) என்பதால், காய் பருத்து வெளிறத் தொடங்கும்போதே மெல்லிய துணிப்பை ஒன்றைச் சுற்றிக் கட்டிவிடுவது நல்லது.

எடுத்த விதைகளை நிழலில் நன்கு உலர்த்தி, காகித உறையில் இட்டு, பூவின் பெயர், நிறம், எடுத்த தேதி ஆகியவற்றை எழுதி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் சிறிது ஈரம் தங்கினாலும் பூஞ்சணம் பிடித்துவிடும்.

எஃப்1 கலப்பினச் செடியின் (இரு வேறு ரகங்களைக் கலந்து உருவாக்கிய முதல் தலைமுறைச் செடியின்) விதை தாய்ச்செடியைப் போலவே பூக்கும் என எதிர்பார்க்க முடியாது. பிறருக்குத் தரும்போது அதைச் சொல்லித் தருவதே முறை. சங்குப்பூ விதையின் தோல் கடினமானது என்பதால், இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து விதைக்கும்படி உறையின் மேலேயே எழுதிக் கொடுங்கள்.