பாதி உடலும் சத்தியப்படியும்

திருச்செங்கோடு மலைக்கு மேலே போக இரண்டு வழி உண்டு. சாலை வழியே வண்டியில் போனால் கோயில் வாசலிலேயே இறங்கிக்கொள்ளலாம். நடந்து ஏறினால் சுமார் 1,200 படி. நானும் என் கணவரும் படி வழியாகவே ஏறினோம். தம்பதியாக ஒரே உடலில் நிற்கும் அர்த்தநாரீசுவரரைப் பார்க்கப் போகிறோம், சேர்ந்து கொஞ்சம் மூச்சு வாங்கட்டுமே என்றுதான்.

வழியில் பாறையிலேயே செதுக்கிய 60 அடி நீள நாகம் வருகிறது. இந்த மலைக்கு உள்ள நாககிரி என்ற பெயருக்கு ஏற்ற உருவம். மஞ்சளும் குங்குமமும் பூசிப் பூசி அந்தக் கல்லின் நிறமே மாறியிருக்கிறது. அதையும் தாண்டிப் போனால் அறுபதாம்படி. சத்தியப்படி என்றும் சொல்வார்கள். தீராத வழக்கு என்றால் முன்காலத்தில் இங்கே அழைத்து வந்து சத்தியம் செய்யச் சொல்வார்களாம். இந்தப் படியில் நின்று பொய் சொல்ல யாருக்கும் துணிவு வராது. படிகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறும்போது இவர் கேட்டார்: "நாம இங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமா?" "மணவறையில சொன்னது போதுங்க" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்தக் கேள்வி மேலே போகும் வரைக்கும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

கருவறையில் மூலவர் மேற்கு நோக்கி நிற்கிறார். வலப்பாகம் ஈசன், இடப்பாகம் அம்மை. வலக்கையில் தண்டம், இடக்கை இடுப்பில் ஊன்றியிருக்கிறது. ஒரு பக்கம் வேட்டி, மறுபக்கம் சேலை. சித்தர்கள் வெண்பாஷாணம் என்ற கலவையால் செய்த திருமேனி என்பது தலத்து ஐதீகம். தீபாராதனை வெளிச்சம் மேலிருந்து கீழே இறங்கியபோது என் கண் நடுக்கோட்டில் போய் நின்றுவிட்டது. வேட்டி முடிந்து சேலை தொடங்கும் அந்த இடம். அங்கே எதுவும் கரையவில்லை, கலக்கவில்லை. அவர் அவராகவே இருக்கிறார், அவள் அவளாகவே இருக்கிறாள்.

கணவன் மனைவி என்றால் 'இரண்டறக் கலப்பது' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். இந்தத் திருமேனிக்கு முன்னால் நின்றபோது அது சரிதானா என்று தோன்றியது. கலந்துவிட்டால் அப்புறம் யார் யாரை நேசிப்பது? அன்பு நிற்க இரண்டு பேர் வேண்டும். ஒருவருடைய குணத்தை இன்னொருவர் விழுங்கிவிட்டால் மிஞ்சுவது ஒருவர்தான்.

புராணமும் அதைத்தான் பேசுகிறது. பிருங்கி முனிவர் சிவனை மட்டுமே வணங்குவேன் என்று இருந்தவர். அம்மை பக்கத்தில் அமர்ந்திருந்தால், வண்டாக உருவெடுத்து ஈசனை மட்டும் வலம் வருவார். மனம் வருந்திய அம்மை தவமிருந்து, கேதார கௌரி விரதம் நோற்று இடப்பாகத்தைப் பெற்றாள். நாம் சாதாரணமாக இதை அம்மை 'பெற்ற' கதையாகவே சொல்கிறோம். எனக்கு அன்று ஈசன் 'கொடுத்த' கதைதான் பெரிதாகப் பட்டது. பாதியைக் கொடுத்தவருக்கு அந்தப் பாதி இனி இல்லை. பக்கத்தில் இடம் தருவது யாருக்கும் எளிது. தன் உடம்பிலேயே இடம் தர வேண்டுமானால் தான் குறைய வேண்டும். தன் விருப்பம், தன் நேரம், 'நான் சொல்வதுதான் சரி' என்கிற பிடிவாதம் எல்லாவற்றிலும் பாதியை விட வேண்டும். அதுவும் இருவரும் விட வேண்டும். ஒருத்தி மட்டும் தேய்ந்து தேய்ந்து காணாமல் போகும் குடும்பத்தைப் பார்த்து 'அர்த்தநாரீசுவரர் போல ஒற்றுமை' என்று சொல்வது பெரிய பாவம். தன்னைப் பொருட்படுத்தாத இடத்தில் அம்மையே சும்மா இருக்கவில்லையே!

மூலவர் காலடியில் ஊறும் தேவதீர்த்தத்தை வாங்கிக்கொண்டு பிராகாரத்தில் உட்கார்ந்தோம். சம்பந்தர் பாடிய தலம் இது. தேவாரத்தில் இதன் பெயர் கொடிமாடச்செங்குன்றூர். ஏழாம் நூற்றாண்டில் அவர் அடியார் கூட்டத்தோடு இங்கே வந்தபோது உடன் வந்தவர்களைக் குளிர்க்காய்ச்சல் பற்றிக்கொள்ள, அது தீரப் பாடியது திருநீலகண்டப் பதிகம். திருநீலகண்டத்தின் மேல், அதாவது நஞ்சுண்ட ஈசனின் கழுத்தின் மேல், ஆணை வைத்துப் பாடுகிறார். அந்த ஆணையை நினைத்ததும் இன்னொரு தம்பதி நினைவுக்கு வந்தார்கள்.

தில்லையில் மண்பாண்டம் செய்த திருநீலகண்ட நாயனார் ஒருமுறை பரத்தை வீட்டுக்குப் போய் வந்தார். மனம் புண்பட்ட மனைவி, 'எம்மைத் தீண்டக்கூடாது' என்று திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டாள். 'எம்மை' என்று அவள் பன்மையில் சொன்னதால், அவர் அன்றிலிருந்து மனைவியை மட்டுமல்ல, எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டவில்லை. வெளியார் யாருக்கும் தெரியாமல் ஒரே வீட்டில் இருவரும் முதுமை வரை வாழ்ந்தார்கள். பிறகு சிவயோகியாக வந்த இறைவன் ஒரு திருவோட்டைக் கொடுத்து, அதை மறையச் செய்து, "மனைவி கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்" என்று வழக்காடுகிறார். அவர்களோ ஒரு மூங்கில் கோலின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். கையைப் பிடிக்காத காரணத்தை ஊரறியச் சொல்லி மூழ்கி, இளமையோடு எழுகிறார்கள்.

சிறுவயதில் இந்தக் கதை எனக்குக் கடுமையாகத் தெரிந்தது. இன்றும் அந்தக் கடுமை போய்விடவில்லை. ஆனால் அந்த மனைவியின் கோபத்துக்கு அவர் கொடுத்த மதிப்பு இப்போது தெரிகிறது. சமாதானம் பேசி அவள் வாயை அடைக்கவில்லை. அவள் சொன்னதைத் தன் வாழ்நாள் முழுக்க நின்று கேட்டார். ஆனாலும் சத்தியத்தால் அவர்களை ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கத்தான் முடிந்தது, சேர்த்துவைக்க முடியவில்லை. அதற்கு இறைவனே ஓடு ஏந்தி வர வேண்டியிருந்தது.

அறுபதாம்படியில் ஓடத் தொடங்கிய கேள்விக்கு இங்கேதான் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. அன்பு வருவது நம் கையில் இல்லை. அது அருள் மாதிரி, வந்தால் வந்ததுதான். "நாளையும் இதே அளவு அன்போடு இருப்பேன்" என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. அன்பு இன்று எதிரே இருப்பவரைப் பார்க்கிறது. சத்தியமோ நாம் இன்னும் சந்திக்காத ஒருவருக்குக் கொடுப்பது: நோயில் கிடக்கப்போகிறவர், வேலை போய் முகம் இருண்டு உட்காரப்போகிறவர், வயதாகி எரிந்து விழப்போகிறவர். மணவறையில் அந்த மனிதரை யாருக்கும் தெரியாது. தெரியாமலேதான் கைப்பிடிக்கிறோம். இவரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப வருஷத்துக்கு ஒருதரம் புதுசா சொல்லணும்" என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

அதனால் இந்த வருடம் கேதார கௌரி விரதத்தை இருவரும் சேர்ந்தே இருப்பது என்று அங்கேயே முடிவு செய்தோம். ஐப்பசி அமாவாசையில் முடியும் 21 நாள் நோன்பு அது. பல வீடுகளில் கடைசி நாள் மட்டும் அனுசரித்து நோன்புக் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். நாங்கள் 21 நாளும் இருக்கப் போகிறோம். கயிற்றை இவருக்கு நான் கட்டுவேன், எனக்கு இவர் கட்டுவார்.