துருவ நட்சத்திரம் தெரியாத மாடிக்கு ஒரு டெலஸ்கோப்

சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றால் துருவ நட்சத்திரம் தெரியாது. திருநெல்வேலிச் சீமையின் அட்சரேகை சுமார் 8.7 பாகை. துருவ நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டி மடக்கினால் அந்த முஷ்டி உயரம்கூடக் கிடையாது. வடக்கே தென்னந்தோப்பு வேறு. முதல்முதலாக எந்த டெலஸ்கோப் வாங்குவது என்ற கேள்வியில் பாதியை எனக்குத் தீர்த்து வைத்தவை அந்தத் தென்னைகள்தான்.

தேட ஆரம்பித்ததும் முதலில் கண்ணில் பட்டது ‘675 மடங்கு பெரிதாகக் காட்டும்’ என்று பெட்டியில் போட்டிருந்த 70 மில்லிமீட்டர் டெலஸ்கோப். அந்த எண் வரும் வழி எளிது. முன் லென்ஸிலிருந்து பிம்பம் விழும் இடம் வரையான தூரம், அதாவது குவிதூரம், 900 மில்லிமீட்டர். கண்ணை வைக்கும் சிறு லென்ஸான ஐபீஸ் 4 மில்லிமீட்டரில் போட்டால், 900ஐ 4ஆல் வகுக்க 225 மடங்கு. நடுவில் உருப்பெருக்கத்தைக் கூட்டும் பார்லோ லென்ஸ், 3 மடங்கு ரகம் ஒன்றைச் சொருகினால் 675. கணக்கு சரி, படம்தான் தெரியாது. முன் லென்ஸின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதன் இரண்டு மடங்கு வரைதான் உருப்படியான உருப்பெருக்கம். 70க்கு 140, அதற்கு மேல் போனால் மங்கல். அதோடு அந்தக் குச்சி ஸ்டாண்ட்! ஃபோகஸ் திருகைத் தொட்டாலே நிலா ஆடும்.

அடுத்து மனம் போனது ஈக்வட்டோரியல் மவுண்டில், அதாவது வானம் சுழலும் போக்கிலேயே டெலஸ்கோப்பைத் திருப்பும் தாங்கியில், வரும் 114 மில்லிமீட்டர் ரகத்துக்கு. படத்தில் பார்க்க விஞ்ஞானி வீட்டுச் சாமான் போல் இருக்கும். ஆனால் அதன் அச்சைத் துருவத்தை நோக்கித் திருப்பி, அடிவானத்திலிருந்து நம் அட்சரேகை அளவுக்கு உயர்த்த வேண்டும். நம் ஊரில் அது கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கும். தெரிந்தவர் ஒருவரிடம் இருந்ததை வைத்துப் பார்த்தோம். எடைக்கல் மாட்டிய தண்டு ஸ்டாண்டின் காலில் போய் இடித்தது. குறி வைக்கத் துருவ நட்சத்திரமும் இல்லை. வடநாட்டில் இருப்பவர்களுக்கு அது நல்ல மவுண்டாக இருக்கலாம், நமக்குத் தலைவலி.

அப்புறம்தான் டாப்சோனியன். அமெரிக்காவில் ஜான் டாப்சன் பரவலாக்கிய வடிவம்: அடியில் குழிந்த கண்ணாடி வைத்த ஒரு குழாய், ஒரு மரப்பெட்டி, மேலும் கீழும் பக்கவாட்டிலும் கையால் தள்ள வேண்டியது, அவ்வளவுதான். காசு கண்ணாடிக்குப் போகிறது, ஸ்டாண்டுக்குப் போவதில்லை. குருவும் சனியும் நமக்குப் பெரும்பாலும் உச்சிக்குப் பக்கத்தில் வரும். லென்ஸ் குழாயாக இருந்தால் அதன் அடியில் குனிய வேண்டும். இதில் குழாயின் மேல்முனையில் பக்கவாட்டில் கண்ணை வைத்தால் போதும். சரியாக உச்சியில் மட்டும் திருப்புவதற்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

கண்ணாடியின் விட்டம் ஆறு அங்குலமா எட்டா என்பதில் எங்கள் மாடிப்படி முடிவு சொன்னது. ஆறு, மொத்தம் பதினைந்து கிலோவை ஒட்டி. எட்டு, இருபதை நன்றாகவே தாண்டும். ஆறு அங்குலமே 70 மில்லிமீட்டரைவிட நாலரை மடங்கு வெளிச்சம் வாங்கும். நீங்கள் வாங்குமுன், கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில் உள்ள மாவட்ட அறிவியல் மையத்தில் வானம் காட்டும் நாளாகப் பார்த்துப் போய், ஒரு தரம் கண்ணை வைத்துவிடுங்கள்.

நான் வாங்கிய ஆறு அங்குலம் லாரியில் குலுங்கி வந்ததில் கண்ணாடி கொஞ்சம் விலகியிருந்தது. முதல் இரவு நட்சத்திரத்துக்கெல்லாம் வால். பயப்பட ஒன்றுமில்லை, பழைய பிலிம் டப்பாவின் அடியில் நடுவில் சிறு துளை போட்டு, ஐபீஸ் இடத்தில் செருகிப் பார்த்துக்கொண்டே பின்னால் இருக்கும் மூன்று திருகுகளைத் திருப்பினால் நேராகிவிடும். இது பழகாமல் இந்த வகை டெலஸ்கோப் வாங்கிப் பயனில்லை.

கூட வந்த 25 மில்லிமீட்டர் ஐபீஸில் 48 மடங்கு. சனியின் வளையத்துக்கு அதுவே போதும். 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டிக் கோடாகிப்போனது. இனி மெல்ல விரிந்து 2032 வாக்கில் முழு அழகில் இருக்கும். ஆச்சியைக் கூப்பிட்டேன். “ஏல, சனிய நேருக்கு நேரா நின்னு பாக்கக் கூடாதுல்லா. கோயில்லயே ஓரமா நின்னுதான கும்புடுதோம்” என்று விலகிக்கொண்டார். நிலாவுக்கு மட்டும் தடையில்லை. எங்கள் ஊர்க் கோயில், நவகைலாயம் என்னும் ஒன்பது சிவன் கோயில்களில் சந்திரன் தலமாயிற்றே.

தெற்கு வானம் நமக்குக் கிடைத்த சொத்து. மே மாத இரவு பத்து மணிக்கு ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து தெற்கே 34 பாகை உயரம் வரை ஏறும். லண்டன்காரர்களுக்கு அது எழுவதே இல்லை.

சூரியனை மட்டும், குழாயின் முன்பக்கம் அதற்கான ஃபில்டர் இல்லாமல் ஒரு நொடிகூடப் பார்க்க வேண்டாம், கண் போய்விடும். ஆனி ஆடியில் மேல்காற்று குழாயை நிற்கவே விடாது. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் போய்விடும். மிஞ்சுவது தை முதல் சித்திரை வரை. வாங்குவதானால் மார்கழிக்குள் வீட்டுக்கு வந்து சேரும்படி ஆர்டர் போடுங்கள்.