கொஞ்சம் தொய்வாகவே இருக்கட்டும்

மறையூரிலிருந்து ஜீப்பு போகிற பாதை முடிந்த பிறகும் முக்கால் மணி நேரம் நடந்தால் ஓர் ஓடை வரும். பாம்பாற்றில் போய்ச் சேருகிற ஓடை. அக்கரையில் ஒரு முதுவர் குடி, அதாவது முதுவர் பழங்குடியினரின் ஊர். வெயில் காலத்தில் கல்லுக்குக் கல் தாவிக் கடந்துவிடலாம். கேரளம் முழுக்க ஆடியில் நனையும்போது மழைமறைவான எங்கள் பக்கம் காற்றுதான் அடிக்கும். ஐப்பசி பிறந்தால்தான் ஓடை குணம் காட்டும். குறுக்கே இரண்டு கிராண்டிஸ் மரத்தை (யூகலிப்டஸ் வகை) போட்டுக் கட்டுவார்கள். வருஷா வருஷம் வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போகும்.

எனக்கு உடுமலையில் வெல்டிங் பட்டறை. ஜீப்பு ஓட்டுகிற மச்சான்தான் ஆரம்பித்து வைத்தார்: "கேட்டு, கிரில் எல்லாம் பண்றியே, ஒரு பாலம் பண்ண மாட்டியா?" கர்நாடகத்துச் சுள்யாவின் கிரீஷ் பாரத்வாஜ் 1989-ல் தொடங்கி நூற்றுக்கும் மேல் தொங்குபாலம் கட்டியவர், 2017-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவரே சிவில் படித்தவர் இல்லை, மெக்கானிக்கல்தான் என்று எங்கோ படித்திருந்தேன். அந்தத் தைரியத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

முதலில் காகிதம். வனநிலத்தில் பாதை மாதிரியான வசதிக்கு 2006 வன உரிமைச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் நிலம் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், கிராமசபை பரிந்துரைக்க வேண்டும், வசதியை நிர்வகிப்பது அரசாக இருக்க வேண்டும். ஆகவே விண்ணப்பம் எங்கள் பெயரில் போகவில்லை. ஊர்க்கூட்டத் தீர்மானத்தோடு பஞ்சாயத்து பெயரில் போனது. ஓர் அலுவலகத்தில் வரைபடம் இல்லையென்று ஒருமுறை திருப்பினார்கள், வரைபடம் பெரிதாக இருக்கிறதென்று இன்னொருமுறை. ஐந்து மாதம் போனது.

தை மாதம் வேலை தொடங்கியது. அறுபதடி அகலத்துக்கு எங்களோடு வந்த எஞ்சினியர் தம்பி கணக்குப் போட்டு, கரையில் தூண் உயரத்தைக் குறித்தார். குடியின் காணி, அதாவது ஊர்த்தலைவர், ஒன்றும் பேசவில்லை. அவருடைய அம்மா மட்டும் ஒரு மரத்தைக் காட்டி, "அங்க பாரு தம்பி" என்றார். எங்கள் குறிக்கு இரண்டடி மேலே கிளையிடுக்கில் காய்ந்த சருகும் ஒரு பிளாஸ்டிக் குடத்தின் வாயும் சிக்கியிருந்தன. 2018 ஆகஸ்டுப் பெருவெள்ளத்தில் தண்ணீர் வந்து நின்ற இடம்! தம்பி நோட்டை மூடிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார். தூண் நாலடி உயர்ந்தது, சிமென்டுக் கணக்கும் கூடவே ஏறியது. ஐம்பது கிலோ மூட்டையை இரண்டாகப் பிரித்துத் தலைச்சுமையாகக் கொண்டுபோனோம். பாதியைக் குடிப் பெண்கள்தான் சுமந்தார்கள். நான் நாலு நடையில் படுத்துவிட்டேன்.

அடுத்த சண்டை கம்பிவடத்தைப் பற்றி. நடுவில் மூன்றடி தொய்ய வேண்டும் என்றார் தம்பி. குடிக்காரர்களுக்கு மட்டுமல்ல, எனக்கும் பிடிக்கவில்லை. விறைப்பாக இழுத்துக் கட்டினால்தானே பாலம்? துணி காயப்போடுகிற கொடியைக் கட்டிக் காட்டினார். ஈரப் போர்வையைப் போட்டு, கொடி தொய்யாமல் இழுத்துப் பிடிக்கச் சொன்னார். இரண்டு ஆள் சேர்ந்தும் முடியவில்லை. தொய்வு பாதியானால் இழுப்பு இரண்டு மடங்காகும், அந்த இழுப்பு முழுவதும் கரையில் நாம் புதைத்த கான்கிரீட்டின் தலையில்தான் விழும் என்றார். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். நாலு வடம், எட்டு முனை. ஒவ்வொரு முனையையும் மடக்கி, அந்த வாலை வடத்தோடு சேர்த்துக் கிளிப்பால் பூட்ட வேண்டும். முனைக்கு ஐந்து என்று மொத்தம் 40 கிளிப். கிளிப்பின் சேணம் போன்ற பாகம் பாரம் தாங்குகிற வடத்தின் மேல் உட்கார வேண்டும். கிளிப்பின் யூ வடிவக் கம்பி, மடங்கி வந்த வால் பக்கம் போக வேண்டும். மாற்றிப் போட்டால் அந்த யூ, பாரம் தாங்குகிற வடத்தையே கடித்து நசுக்கும். இக்கரையில் நான் பூட்டிய இருபதும் தலைகீழ். இருபது வருஷத் தொழில்காரன்! இருட்டுகிற நேரத்தில் தம்பிதான் டார்ச் அடித்துக் கண்டுபிடித்தார். மறுநாள் முழுக்க அவிழ்த்தேன், நசுங்கின முனைகளை வெட்டினேன். நல்லவேளை, வடம் கொஞ்சம் கூடுதலாக வாங்கியிருந்தோம்.

பங்குனியில் பலகை போட்டு முடித்தோம். பாரம் ஏறியதும் வடம் கொஞ்சம் நீண்டு மெலியும், கிளிப் தளரும். அதனால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஐப்பசிக்கு முன் ஒருமுறை என்று போய் முறுக்கிவிட்டு வந்தேன். இப்போது காணியின் மகனே முறுக்குகிறான். குடியில் ஒரு ஸ்பேனர் வாங்கி வைத்திருக்கிறேன். நான் முதலில் கொண்டுபோனது ஓடைக்குள் எங்கோ கிடக்கிறது.